வெர்லீனின் முழங்கால்

வெர்லீன் டான்ட்ஸ்லருக்கு முழங்கால் வலி என்று நான் சொன்னது பச்சைப் பொய். அதையும் சபைக்குள் நின்று, வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டே எங்கள் தலைவியிடம் சொன்னேன்.

எங்கள் பாப்டிஸ்ட் சபையில் நாங்கள் இருவரும் வாசல் ஊழியக்காரிகள். வருகிறவர்களை இடம் பார்த்து உட்காரவைப்பதும், பரிசுத்த ஆவியில் நிறைந்து விழுகிறவர்களுக்கு விசிறுவதும் எங்கள் வேலை. கையுறை போட்டுவிட்டால் பேசக் கூடாது, எல்லாம் கைச்சாடைதான். பாஸ்டரின் ஒவ்வொரு வரிக்கும் சபையே கூவிப் பதில் சொல்லும்போதும் நாங்கள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, வாயை மூடி நிற்க வேண்டும். ஓட்டல் சலவைக்கூடத்தில் ஆறு நாள் இயந்திர இரைச்சலை மீறிக் கத்துகிற வெர்லீன், ஏழாம் நாள் சிலையாகிவிடுவாள். இருபத்திரண்டு வருடம் அப்படி நின்றாள். தலைவி சிஸ்டர் கெய்த்தர் ஓய்வுபெறப் போகிறார், அடுத்தது வெர்லீன்தான் என்று சிகாகோவின் தெற்குப் பக்கம் முழுக்கப் பேச்சு. அந்தப் பதவி அவளுக்கு உயிர்.

காதல் பாட்டுப் பாடகர் ஆர்தெல் கிரேவ்ஸும் அவளுக்கு உயிர். அதுதான் வம்பு. அந்த ஆள் வீட்டுக்கு வரச்சொல்லிப் பாடினால், வீட்டில் இருக்கிறவளே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஆனால் எங்கள் சபையில் கர்த்தரைப் பாடாத உலகப் பாட்டு எதுவும் ஆகாது.

அந்த வசந்தத்தில் நாற்பத்தேழாம் தெரு அரங்கில் கிரேவ்ஸ் பாடுவதை, மக்கள் நடுவிலேயே பதிவு செய்து இசைத்தட்டாகப் போடப்போவதாக அறிவித்தார்கள். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. எங்கள் வாசல் ஊழியத்தின் ஆண்டுவிழாவும் அதே மூன்று மணிக்கு.

"எர்மா, எனக்கு முழங்கால் வலின்னு சொல்லிடுடி."

"எந்தக் கால்?"

"உனக்கு எது வசதியோ அது."

போனாள், வந்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

இலையுதிர்காலத்தில் இசைத்தட்டு வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு மெதுவான பாட்டு. பாதியில் கிரேவ்ஸுக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது. அரங்கமே அமைதி. அப்போது ஒரு பெண் குரல்: "அவசரமே இல்ல ராசா, நிதானமா சொல்லு! எங்களுக்குப் போக வேற இடம் இல்ல!" கிரேவ்ஸ் சிரித்துவிடுகிறார். பிறகு பாடுகிறார் பாருங்கள், கல்லும் கரையும்.

நான் அதை முதலில் கேட்டது அழகு நிலையத்தில், முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பு தலையில் இருக்கும்போது. வெர்லீன் குரல்! துள்ளியதில் காது சுட்டது. போக வேற இடம் இல்லையாம்! அந்த அரங்கத்திலேயே மூன்று மணிக்குப் போக வேறு இடம் இருந்தவள் அவள்தான்.

முடிதிருத்தும் கடையில், பேருந்தில், எங்கும் அந்த வரிதான். சபையில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. வெர்லீன் குரல் உயர்த்தி அவர்கள் கேட்டதே இல்லையே. மேலும், இசைத்தட்டைக் கேட்டதாக எவர் ஒப்புக்கொள்வார்?

நவம்பரில் பாஸ்டர் வார்ட்லோ தன் தாயை அடக்கம் செய்தார். அடுத்த ஞாயிறே பிரசங்க மேடை ஏறினார். "எங்கம்மா..." என்றார். அதற்குமேல் வரவில்லை. மூன்று முறை வாயைத் திறந்து மூடினார். தாங்கிப் பிடிக்க வேண்டிய சபையோ கைக்குட்டையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தது.

என் பக்கத்தில், வாசலிலிருந்து, அதே குரல்: "அவசரமே இல்ல பாஸ்டர், நிதானமா சொல்லுங்க! எங்களுக்குப் போக வேற இடம் இல்ல!"

முந்நூறு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. அப்படியானால் முந்நூறு பேரும் இசைத்தட்டைக் கேட்டிருக்கிறார்கள், கள்ளர்கள்! பாஸ்டர் முதலில் சிரித்தார், பிறகு அழுதார், பிறகு பிரசங்கித்தார். அப்படி ஒரு பிரசங்கம் அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆராதனை முடிந்ததும் சிஸ்டர் கெய்த்தர் கையை நீட்டினார். "கையுறையக் குடும்மா. முழங்கால் இப்ப எப்படி இருக்கு?"

"தேவலைங்க" என்று வெர்லீன் ஒவ்வொரு விரலாகக் கழற்றிக் கொடுத்தாள். மேலங்கி மாட்டும் அறைக்குள் வந்தபிறகுதான் உடைந்து அழுதாள். "அந்த மனுஷன் அப்படித் தனியா நிக்கிறப்ப நான் எப்படிடி சும்மா இருப்பேன்?"

பொய்யைச் சொன்னவள் நான் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது. ஜனவரியில் என்னையே தலைவி ஆக்கினார்கள்.

வெர்லீன் இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து ஆசைதீரக் கூவுகிறாள். பாஸ்டரும் மூச்சு வாங்கும்போதெல்லாம் அவள் பக்கம்தான் பார்க்கிறார்.

இன்று மூன்று மணிக்கு எங்கள் ஆண்டுவிழா. தலைமை நான். கிரேவ்ஸும் ஊருக்கு வந்திருக்கிறார், அதே அரங்கம், அதே மூன்று மணி. காலை ஆராதனை முடிந்து வெளியே போகும்போது வெர்லீன் என்னருகில் நின்றாள். திறந்த கைப்பைக்குள் இரண்டு டிக்கெட்டுகள்.

"ஏன் எர்மா, உன் முழங்கால் எப்படி இருக்கு?"

கையுறை போட்டிருந்தேன், பேசக் கூடாது. குனிந்து, முழங்காலை மெல்லத் தடவிக்கொண்டேன்.