அத்தை கொடுத்த வாக்குமூலம்

மஞ்சூர் இ-சேவை மையத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என்னைவிட வயதில் சின்னவள். "வீட்டுக்காரர் தவறிட்டாருங்களாக்கா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். இல்லை என்றேன். கோர்ட்டில் விவாகரத்து ஆகிவிட்டதா என்றாள். அதுவும் இல்லை என்றேன். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ கைவிடப்பட்டவர்னுதான் போடணுங்க்கா. வேற எதுலயும் வராது."

எனக்குப் பின்னால் நின்றவர்களில் எங்கள் எஸ்டேட்காரர்களும் இருந்தார்கள். ஆதார் அட்டைகளையும் ரேஷன் கார்டையும் மறுபடி பைக்குள் வைத்தேன். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு வளைவில் காட்டெருமைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பஸ்ஸில் எல்லோரும் அவற்றைப் பார்த்தார்கள். நான் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பாதையோரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் ஜீப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் பேர் கொடுத்து, சாயங்காலம் வரை தேயிலைக் கொழுந்து பறித்து, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறவள். அந்தச் சொல் எனக்கு எந்தப் பக்கத்திலும் பொருந்தவில்லை.

ஆனாலும் நான் மஞ்சூருக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. எஸ்டேட் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைதான் உண்டு. பெரியவள் எட்டாவது முடிக்கப்போகிறாள். அடுத்த வருடம் மஞ்சூருக்கு அனுப்ப வேண்டும். நான் அப்போது தற்காலிகத் தொழிலாளி. மழைக்காலத்தில் வேலை இருக்கும், பனி விழுந்து செடி கருகும் மாதங்களில் இருக்காது. அதனால் அவளைச் சத்தியமங்கலத்தில் என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கலர் பென்சில்களையும் சின்னதாகிப்போன ஸ்வெட்டரையும் தங்கைக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். அதைப் பார்த்துத்தான் அவளுடைய வகுப்பு டீச்சரிடம் போய்ப் பேசினேன். அப்பா துணையில்லாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது, பிள்ளைகள் தாயிடமே இருந்து படிக்கலாம், குடும்பம் ஓரளவு நிமிரும்வரை அல்லது பதினெட்டு வயதுவரை கிடைக்கும் என்று டீச்சர் சொன்னார். முதலில் அப்பா துணையில்லை என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டிலிருந்து பேக்டரிக்குக் கொழுந்து ஏற்றும் பிக்கப் ஓட்டியவர். சின்னவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது திருப்பூருக்கு வேலைக்குப் போனார். முதலில் தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் வந்தார். பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அந்த நம்பரும் மாறிவிட்டது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அவரை வேறொரு பெண்ணோடும் கைக்குழந்தையோடும் பார்த்ததாக எங்கள் எஸ்டேட்காரர் ஒருவர் வந்து சொன்னார். நான் ஒரு மழைக்காலம் முழுக்க அழுதேன். அதற்குப் பிறகு அழவில்லை.

அத்தைதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அத்தை என்றால் என் மாமியார். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் நாங்கள் இருந்தது அவர் பேரில் எஸ்டேட் கொடுத்தது. அவர்தான் நிரந்தரத் தொழிலாளி. பறிப்பில் அவருக்கு அடுத்த வரிசையில் நிற்கப் பெண்கள் தயங்குவார்கள், அவ்வளவு வேகம். மகனைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில் வைத்திருந்தார்: கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, திருவிழாவுக்கு வருவான். வருடம் போகப் போகக் கேட்பவர்கள் குறைந்தார்கள். பிறகு யாரும் கேட்காமலேயே அவராகச் சொல்லத் தொடங்கினார். லைன் முழுக்க உண்மை தெரிந்தவர்கள்தான். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்தச் சான்றிதழ் வாங்கினால் அத்தை இத்தனை வருடம் சொல்லிவந்தது பொய் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். அவருக்குக் கோபம் வந்து வீட்டைவிட்டுப் போ என்றால் எனக்கும் பிள்ளைகளுக்கும் வேறு கூரை இல்லை. இருந்தாலும் அவருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் எடைக் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு இறங்கும் வழியில் சொன்னேன். பெரியவளை அனுப்பாமல் இருக்க இது ஒன்றுதான் வழி, இந்தச் சொல்லைத்தான் போட வேண்டுமாம், உங்களிடம் சொல்லாமல் செய்ய மாட்டேன் என்றேன். அத்தை நிற்காமல் நடந்துகொண்டே இருந்தார். வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உன்ற இஷ்டம் அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. பிள்ளைகளுக்குத் தலை வாரினார், எனக்குச் சோறு எடுத்து வைத்தார், பேசவில்லை. நான் மறுபடி மஞ்சூருக்குப் போய், அந்தப் பெண் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்த அன்று சாரல். லைனில் ஒரு வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து எங்கள் வாசல் கூரையின் கீழ் போட்டோம். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார், எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு, அவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார், திருவிழாவுக்கு வருவார் என்றார். எதிர் வீட்டு அண்ணனும் அதையேதான் சொன்னார். அவர்கள் யாரும் எனக்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை. அத்தையின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள்.

வி.ஏ.ஓ. பேனாவை மூடினார். "ஏம்மா, ஊருக்கே தெரியுது வேலைக்குப் போயிருக்காருன்னு. நான் எப்படிம்மா இதை மேல அனுப்பறது?" என்றார்.

அப்போதுதான் அத்தை கொழுந்து எடை போட்டுவிட்டு வந்தார். இடுப்பில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் படுதாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகப் படிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாரோ தெரியாது. கூடையை இறக்கினார். படுதாவை அவிழ்த்து உதறி வேலியில் போட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வுக்கு எதிரே வந்து நின்றார்.

"ஏனுங்க, நான் அவனப் பெத்தவ. என்னக் கேளுங்க."

அவர் பேனாவைத் திறந்தார்.

"வேலைக்குப் போனான்னு எழுதாதீங்க. உட்டுட்டுப் போயிட்டானுங்க. மலைக்குக் கீழ வேற ஒருத்தியோட குடும்பம் பண்றான். சின்னவ பள்ளிக்கூடம் போயி ஒருநா அவன் பாத்ததில்ல. லீவு கெடைக்கலன்னு ஊருக்குச் சொன்னது நான்தான். இவங்கெல்லாம் எனக்காகச் சொல்றாங்க."

பக்கத்து வீட்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வி.ஏ.ஓ. எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டபோது அத்தை பேனாவை வாங்கவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். அவர் படித்தார். அத்தை கடைசிவரை கேட்டார்.

"இன்னொண்ணு இருக்குதுங்க. இவ அவங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தா யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. போகல. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இவதான் ஆஸ்பத்திரியில கூட இருந்தா. அதையும் எழுதிக்கோங்க."

அதெல்லாம் இதற்குத் தேவையில்லை என்று வி.ஏ.ஓ. விளக்கினார். அத்தை கேட்டுக்கொண்டே நின்றார், பேனாவை மட்டும் வாங்கவில்லை. கடைசியில் வி.ஏ.ஓ. சிரித்துக்கொண்டே கீழே ஒரு வரி சேர்த்தார்: மருமகள் மாமியாரோடு வசித்து அவரையும் பராமரித்து வருகிறார். அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அத்தை கையெழுத்துப் போட்டார்.

வி.ஏ.ஓ. போனதும் அத்தை குழாயடிக்குப் போய் வெகுநேரம் கைகால் கழுவினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு தாய் பத்துப் பேர் முன்னால் தன் மகனைப் பற்றி அப்படிச் சொல்வதற்கு என்ன வேண்டுமென்று நானும் ஒரு தாயாக இருந்து யோசித்துப் பார்த்தேன். அன்றுவரை வீட்டுக்காரரின் அம்மா என்றுதான் அவரை நினைத்திருந்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு யாரோ ஒருவரின் அம்மா இல்லை. "வெறகு நனையுது, எடுத்து உள்ள போடு" என்றார் அத்தை. அவர் மறுபடி என்னோடு பேசியது அப்போதுதான்.

சான்றிதழ் வந்தது. ஊட்டியில் குழந்தைகள் நல அலுவலகத்தில் மனு கொடுத்தோம். வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். டிவியைத் தூக்கித் தன் வீட்டில் வைக்கச் சொன்னார். மிக்சியை மூடி மறைக்கச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பழைய துணி போடு, நீயும் நல்ல சேலை கட்டாதே என்றார். அன்று வாசலில் பேசியதற்கு ஈடாக ஏதாவது நல்லது செய்துவிட வேண்டுமென்ற தவிப்பு அவருக்கு. எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் ஒன்றையும் மாற்றவில்லை. டிவி அத்தை சீட்டுப் போட்டு வாங்கியது. வீட்டைச் சாணி போட்டு மெழுகியதுபோல் பளிச்சென்று வைத்திருப்பது எங்கள் வழக்கம். சிமென்டுத் தரை, அவ்வளவுதான் வித்தியாசம். உதவி கேட்கிறோம் என்பதற்காக என் பிள்ளைகள் ஒருநாள்கூட அழுக்காக நிற்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

வந்தது ஓர் இளம்பெண். பஸ்ஸை விட்டிறங்கி மழையில் சரிவில் நடந்து வந்ததில் செருப்பெல்லாம் சேறு. அத்தை சுடுதண்ணீர் கொடுத்துக் கால் கழுவச் சொன்னார். டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வைத்தோம். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், டிவியையும் பார்த்தார். மற்ற வீடுகளில் இதெல்லாம் எடுத்து ஒளித்து வைப்பார்களே என்று என்னிடம் கேட்டார், பாதி விளையாட்டாக.

"இல்லாதவங்க மாதிரி இருக்கணும்னு யாரும் சொல்லலீங்களே," என்றேன். "எங்களுக்கு எது இல்லையோ அதத்தான் கேட்டிருக்கோம்."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். பிறகு பெரியவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். சத்தியமங்கலம் பாட்டி வீட்டுக்குப் போகப் பிடிக்குமா என்றதற்கு, பிடிக்கும், ஆனால் லீவில் போகத்தான் பிடிக்கும் என்றாள். அப்பாவைத் தேடுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "தங்கச்சிப் பாப்பாவுக்கு அவரு மொகம் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்" என்றாள் என் மகள். அந்தப் பெண் நோட்டை மூடி வைத்தார். போகும்போது, பிள்ளைகள் பெற்றவரைப் பிரியாமல் வளர வேண்டும் என்பதற்குத்தான் இந்த உதவி, நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் பெரியவள் மஞ்சூர் பள்ளியில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு உத்தரவு வந்தது, பேங்க் பாஸ்புக்கில் பணமும் ஏறத் தொடங்கியது. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் பனிக்காலத்தில் வேலை நின்றபோது அந்த வருடம் நான் பயப்படவில்லை.

மழை ஓய்ந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரரின் குரலைக் கேட்டதும் நறுக்குவதை நிறுத்தினார். தன்னைப் பற்றித் தாசில்தார் ஆபீஸில் எழுதிக் கொடுத்த விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கோபமாகப் பேசுவது எனக்கே கேட்டது. அத்தை குறுக்கே பேசாமல் மகன் பேசி முடிக்கும்வரை விட்டார்.

"நான்தான் சொன்னேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன்," என்றார் பிறகு. "புள்ளைங்க எப்படி இருக்கறாங்கன்னு கேளு, சொல்றேன். வேற எதுக்கும் எனக்குப் போன் பண்ணாத."

அதோடு அழைப்பு நின்றுவிட்டது. அத்தை போனைக் கீழே வைத்துவிட்டு மிச்ச பீன்ஸையும் நறுக்கினார். அன்று சாப்பிடும்போது அவர் கண் சிவந்திருந்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். சின்னவள் தன் தட்டிலிருந்த அப்பளத்தை அவர் தட்டில் வைத்தாள்.

போன வருடம் என்னை நிரந்தரமாக்கினார்கள். சில மாதத்தில் அத்தை ஓய்வுபெற்றார், லைன் வீடு என் பேருக்கு மாறியது. எஸ்டேட் ஆபீஸுக்கு முன்னால் அவருக்கு மாலை போட்டு மரியாதை செய்தார்கள். இனி வீட்டில் உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மேனேஜர் பேச்சுவாக்கில் கேட்டார். கூட்டத்தில் நானும் பிள்ளைகளும் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். பெரியவள் பிளஸ் ஒன் யூனிபாரத்தில் அப்படியே வந்திருந்தாள்.

"அதோ நிக்கறாங்க பாருங்க, எங்க ஊட்டுக்காரங்க," என்று அத்தை எங்களைக் கை நீட்டிக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.