தொட்டியில் ஒட்டிய பொட்டு

எங்கள் வீட்டு மீன்தொட்டியின் கண்ணாடியில், வெளிப்பக்கமாக, ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. சாயம் போய் வெளிறிவிட்டது. ஒட்டியவள் என் அக்கா.

மாமா இறந்தபின் அக்காவைக் கேளம்பாக்கத்துக்கு, என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். இரண்டு வாய் தின்று எழுந்துவிடுவாள். பேச்சே இல்லை. எனக்கோ ஆறுதல் சொல்ல வராது. ஷேர் ஆட்டோ ஓட்டியும் ஆளைக் கூவிக் கூப்பிடக் கூச்சப்படுகிறவன். அந்தச் சமயம் எங்கள் தெருவில் ஃப்ளாட்டைக் காலி செய்தவர்கள், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கடல்மீன் ஒன்றைத் தொட்டியோடு கொடுத்தார்கள். அக்கா படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் "சாப்ட்டியாடா?" என்று ஒரு குரல். மீனைத்தான் கேட்டாள். எனக்கு அதுவே போதும்.

நாளாக ஆகத் தொட்டியில் தண்ணீர் குறைந்தது. கடல்மீனுக்குக் கடல்தண்ணீர்தானே, கோவளம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று, சவாரி போகும்போதெல்லாம் கேனில் மொண்டுவந்து நிரப்பினேன். மீன் இரையெடுப்பதை விட்டது. மூலையில் சாய்ந்து மூச்சு வாங்கியது. அக்காவும் சோற்றைத் தொடவில்லை. மீன் போய்விட்டால் இவளை எதைக் காட்டி எழுப்புவேன் என்று பயந்துபோனேன்.

அப்போதுதான் அக்கா தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"டேய், இன்னாடா இது, கருவாடு ஊறவச்ச தண்ணியாட்டம் கீது! இன்னாத்த ஊத்துன?"

"கடத்தண்ணிதான்க்கா. கொறைய கொறைய ஊத்திகினுகீறேன்."

"போடா லூசு. கொழம்பு சுண்டுனா தண்ணி ஊத்துவியா, இன்னும் உப்ப அள்ளிப் போடுவியா? தண்ணிதான் காத்துல போவுது. உப்பு எங்க போவும்?"

மாமா போனபின் அவள் என்னைத் திட்டியது அன்றைக்குத்தான். உப்புத்தண்ணீரில் கொஞ்சம் வெளியே மொண்டுவிட்டு, குடிதண்ணீரை ஒரு குடம் கொண்டுவந்தேன். கையைத் தட்டிவிட்டாள். "மெதுவாடா, தாங்காது அது." வேளைக்கு ஒரு டம்ளராக அவளே ஊற்றினாள். மீன் மூலையை விட்டு வந்து இரையைக் கவ்வியபோது, தன் பையின் அடியிலிருந்து பொட்டுப் பாக்கெட்டை எடுத்து, தண்ணீர் நின்ற அளவில் ஒன்றை ஒட்டினாள். "இதுக்குக் கீழ எறங்குனா நல்லதண்ணி. கடத்தண்ணிய எத்தாந்தன்னா ஒதைப்பேன்."

பிறகு ஒருநாள் சவாரி முடிந்து வந்தேன். அவள் நெற்றியிலும் ஒரு பொட்டு.

"இன்னாடா பாக்குற? பாக்கெட்டு வீணாத்தான கெடக்குது."

"ஒன்னுமில்லக்கா" என்றேன்.

இப்போது அக்கா பொத்தேரியில், மாணவர்கள் சாப்பிடும் மெஸ் ஒன்றில் சமைக்கிறாள். போன் செய்தால் என்னை விசாரிப்பதற்கு முன், "பொட்டு வரைக்கும் கீதா?" என்று கேட்பாள். "கீதுக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் நல்லதண்ணீரோடு தொட்டிப் பக்கம் போவேன்.