ரேடியோவில் வந்த அவதி

மகளின் பள்ளியிலிருந்து கைபேசிக்கு மலையாளத்தில் ‘மழை, நாளை அவதி’ என்று வந்ததும் சிரித்துவிட்டேன். மாட்டுப்பட்டிப் பக்கம் இன்று இடமே தெரியாமல் போன எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், என் சின்ன வயதில், அடைமழையில் உடும்பஞ்சோலை போன அப்பா திரும்பாத அன்று, மலையாளம் பிடிபடாத அம்மா விவசாயப் பேச்சு, வைத்தியர் உரை, நாடகம் என்று ரேடியோவை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள். செய்தியில் “உடும்பஞ்சோல”, “அவதி” என்ற இரண்டு சொற்கள் மட்டும் புரிய, ஓவென்று அழுதாள்.

பக்கத்து வீட்டுச் செல்லக்கா ஓடிவந்தாள். “அவதின்னா இங்கன லீவு, மதினி! பள்ளிக்கூடத்துக்கு லீவாம்!”

அம்மா மூக்கைச் சிந்திவிட்டு ரேடியோவிடம் திரும்பினாள். “லீவுன்னு சொன்னா வாய் வெந்துருமால, எடுபட்ட பயலே?”

விளக்கேற்றும்வரை ஏச்சு ஓயவில்லை. நனைந்த சாக்கைத் தலையில் போட்டபடி வாசலில் வந்து நின்ற அப்பா கேட்டார்:

“என்னையா ஏசுத?”