விரல்களை விரிக்கும் கனவு

பாலசமுத்திரம் பக்கம் ஓடை பெருகிய நாளில் நானும் என் தம்பியும் தரைப்பாலத்தைக் கடந்தோம். அவன் கால் வழுக்கியது. என் கையைப் பிடித்திருந்தான். நான் விட்டேனா, அவன் பிடி நழுவியதா, இன்றுவரை தெரியாது. கனவில் மட்டும் சந்தேகமே கிடையாது. நான் விரல்களை விரிப்பேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே தண்ணீரோடு போவான். அலறி எழுவேன்.

நகரியில் எனக்கு விசைத்தறி வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் படுக்க வேண்டும். படுக்கப் பயந்து பகல் ஷிஃப்டையும் கேட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் ஓடும் தறி மீதே சாய்ந்துவிட்டேன். பக்கத்துத் தறிக்காரர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார்.

"என்ன அப்டியே சாவ உட்டுட்டு இருக்கலாம்ல" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் சொல்லித் தெரிந்துகொண்டு மறுநாளே என் கணவர் திருப்பதியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த அம்மா தெலுங்கு வாடையோடு தமிழ் பேசினார்.

"கனவு வர்றது தப்பில்லம்மா. தூக்கத்துல மூளை துக்கத்த எடுத்து எடுத்துப் பார்த்து, அதோட சூட்டக் கொறைக்குது. நீ பாதியில எழுந்துடுற. வேலை முடியல. மறுபடி மொதல்லேர்ந்து."

"தூங்கலன்னா நான் சாவறேன் மேடம். தூங்கினா அவன் சாவறான். நான் என்னா பண்றது?"

"முழிச்சிக்கினு இருக்கறப்போ அந்தக் கனவ நோட்டுல எழுது. முடிவ மட்டும் மாத்து. தினம் பத்து நிமிஷம் கண்ண மூடி அத நெனச்சுப் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் கணவரிடம், "செத்தவன் பொழச்சான்னு பொய் எழுதச் சொல்றாங்க" என்றேன்.

"நீ தெனம் பாத்துக்கினு கீறது நெஜம்னு யாரு சொன்னா?" என்றார் அவர்.

எழுத உட்கார்ந்தேன். அவனைக் கரையேற்ற முடியவில்லை. நாலு பக்கம் கிழித்தேன். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: இருவரும் பாலத்தின் இந்தப் பக்கமே நிற்கிறோம். தண்ணீர் வடியட்டும் என்கிறான் அவன்.

மூன்று வாரம் எதுவும் மாறவில்லை. நோட்டை அடுப்பில் போடப் போனேன். கணவர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு பகலில் மறுபடி கனவு. தண்ணீர் வந்தது, அவனும் போனான். ஆனால் நான் அலறவில்லை. கரையில் உட்கார்ந்து அழுதேன், கனவுக்குள்ளேயே, வெகுநேரம். விழித்தபோது சாயங்காலமாகியிருந்தது. அவன் செத்த பிறகு நான் முழுதாகத் தூங்கிய முதல் பகல்.

"எதனா துன்றியா?" என்றார் கணவர்.

தலையாட்டினேன்.

இன்னும் மாதத்துக்கு இரண்டு முறையாவது அவன் வருகிறான். சில நாள் பாலத்தில் இறங்காமல் நிற்கிறோம். சில நாள் அதே விரல்கள்தான்.