கவுன்சிலர் அண்ணனை எதிர்த்து

எங்கள் வார்டில் கவுன்சிலரைத் தோற்கடிக்க முடியாது என்று நான் தேர்தலில் நிற்பதற்கு முன்பே பலர் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அவரைப் புகழ்ந்து சொல்லவில்லை. பைப்பில் தண்ணீர் இல்லை, சாக்கடை தெருவில் ஓடுகிறது, தெருவிளக்கு எரிந்தால் அதிசயம் என்று மூச்சுவிடாமல் குறை சொல்லிவிட்டு, கடைசியில் "இருந்தாலும் அவரை ஒண்ணும் செய்ய முடியாதுங்க" என்று முடிப்பார்கள். அந்த "இருந்தாலும்" எனக்குப் புரியவில்லை. புரியாமல்தான் போய் நின்றேன்.

தாலுகா ஆபீஸுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் மனு டைப் அடிப்பதுதான் பிழைப்பு. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று ஊரின் அத்தனை குறையும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகும். வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். எங்கள் ஊர் புதுக்கோட்டையிலிருந்து கடற்கரைக்குப் போகிற ரோட்டில் இருக்கும் சின்ன நகராட்சி. விடிந்தால் மீமிசல் மீன் வாசலுக்கே வந்துவிடும். தண்ணீர்தான் வராது.

முன்தெருக்காரர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வரும். பின்னால் இருக்கும் மூன்று தெருக்களுக்குப் பைப்பே போடவில்லை. அந்தப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்தெருவுக்கு வந்து, மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடுகள் எப்போது நிறுத்தும் என்று காத்துக் கிடக்க வேண்டும். கடைசித் தெருவில் ஒரு அத்தாச்சி உண்டு. எனக்கு உறவில்லை, தெருவே அத்தாச்சி என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். பைப்பு கேட்டு நான் மனு அடித்துக் கொடுப்பேன், அவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவார். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வரும். மறுபடி மனு, மறுபடி பரிசீலனை. ஒருநாள் அத்தாச்சி பொறுமை இழந்து, "மனு எழுதுறதுக்குப் பதிலா எலெக்சன்ல நீங்களே நின்னுருங்க. எங்க தெரு ஓட்டுப் பூராம் ஒங்களுக்குத்தான்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் போனில் நமக்கு எதற்கு இந்த வம்பு என்று ஒரு வாரம் புலம்பிவிட்டு, நிற்பது என்றால் ஜெயித்தாக வேண்டும் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

கவுன்சிலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துண்டு, பழைய பைக். அவருடைய பதவிக்காலம் முடிந்து, தேர்தலே நடக்காமல் வருடக்கணக்கில் ஓடியபோதும் ஊருக்கு அவர் கவுன்சிலர் அண்ணன்தான். பதவி இல்லாத ஒரு மனிதரைப் பதவியிலிருந்து இறக்குவதற்கு நான் வேட்புமனு போட்டேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

வேட்புமனுவுக்கு வேண்டிய காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்க அவர் என் கடைக்கே வந்தார். ஊரில் வேறு கடை இல்லாமல் இல்லை. "தங்கச்சியும் நிக்கிறியாமே. நல்லதுத்தா. படிச்ச புள்ளைக வரணும்" என்றார். எனக்கு வயது நாற்பத்தாறு. அவர் ஆதார் கார்டை நான்தான் முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். திட்டியிருந்தால், மிரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டைக்கு ஆயத்தமாக நிற்பவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டுப் போனால் நான் என்ன செய்ய?

சின்னம் ஒதுக்கும்போது தண்ணீர்க் குழாய் கேட்டேன். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டதால் குலுக்கிப் போட்டார்கள். குழாய் அவருக்குப் போயிற்று, எனக்குப் பூட்டு கிடைத்தது. அந்தச் சுயேச்சை ஒருநாள்கூட ஓட்டுக் கேட்கத் தெருவுக்கு வரவில்லை. எதைப் பூட்டப் போகிறீர்கள் என்று டீக்கடையில் என்னைத்தான் கேலி செய்தார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. நான் வேட்புமனு போட்ட சில நாளிலேயே பின்தெரு முனையில் ஜேசிபி வந்து பள்ளம் வெட்டியது. நீல நிற பைப்புகள் வந்து இறங்கின. இத்தனை வருடம் மனுவில் நகராத வேலை, என் பெயர் வேட்பாளர் வரிசையில் வந்ததும் நகர்ந்துவிட்டது. அவர் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரும் பார்த்திருந்தால் நான் ஜெயித்தே விட்டதாக நினைத்திருப்பார்கள்.

மறுநாள், வேட்புமனு பரிசீலனை அன்று, அத்தாச்சியின் வீட்டுக்காரர் இறந்துபோனார். லாரி ஓட்டியவர். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் நகராட்சி அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எழுந்து போனால், என் மனுவில் ஏதாவது ஆட்சேபம் சொல்லி தள்ளிவிட்டால் கேட்க ஆளில்லை. நான் வெளியே வருவதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள்.

கவுன்சிலர் அங்கே முதல் ஆளாகப் போயிருந்தார். அது அவருடைய வழக்கம். எங்கள் வார்டில் ஒரு உயிர் போனால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவருக்குத்தான் போன் போகும். ஃப்ரீசர் பெட்டி, சாமியானா, நாற்காலி எல்லாம் அவர் சொல்லி வரும். தண்ணீர் லாரி வந்து வாசலில் நிற்கும். அவர் ஒரு மூலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார், சுடுகாடு வரைக்கும் நடப்பார், எல்லோரும் குளித்துவிட்டுத் திரும்பும்வரை இருப்பார். ஓட்டு என்ற சொல்லே வாயில் வராது. பைப்பு இருந்தால் அந்த லாரிக்கு என்ன வேலை என்று நான் கூட்டம் போட்டுக் கேட்டேன். தலையை ஆட்டினார்கள். ஆட்டிய தலைகள் எல்லாம் ஏதோ ஒரு துக்கத்தில் அந்த லாரித் தண்ணீரில் குளித்தவை என்று எனக்கு உறைக்கவில்லை.

சாவுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, கேதம் கேட்க, துக்கம் விசாரிக்கப் போகக் கூடாது. அதற்கடுத்து சின்னம், நோட்டீஸ், மைக் செட் என்று அலைந்தேன். கடைசித் தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போகிற நாளும் வந்துவிட்டது. கேதம் கேட்காமல் அந்த வீட்டு வாசலில் நோட்டீஸ் கொடுக்க முடியுமா? கூட வந்தவர்களைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, தனியாகப் போனேன். அத்தாச்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். இருவரும் அழுதோம். நான் ஓட்டுக்காக அழவில்லை. அதை இப்போதும் சொல்வேன்.

எழுந்தேன். காலையிலிருந்து அத்தனை வீட்டு வாசலிலும் செய்ததை என் கை தானாகச் செய்தது. கும்பிட்டு, "போயிட்டு வாரேங்க, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டேன்.

கேத வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். போய் வருகிறேன் என்றால் அந்த வீட்டுக்கு இன்னொரு முறை இதே காரியத்துக்கு வருவேன் என்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அத்தாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கொழுந்தனார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் படி இறங்குவதற்குள் பின்னால் யாரோ வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். அதுவும் லாரித் தண்ணீர்தான்.

பொழுது சாய்வதற்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. எழவு வீட்டில் ஓட்டுக் கேட்டாள், போய் வருகிறேன் என்று சொன்னாள் என்று என் காதுபடவே பேசினார்கள். வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்லலாமா? சொல்லச் சொல்ல அது பெரிதாகும். ஆத்திரம் பொங்கியது. இத்தனை வருடம் தண்ணீர் தராதவர் நல்லவர். வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னவள் ஆகாதவள். இதுதான் எங்கள் வார்டின் நியாயம். யாரிடம் போய்க் கத்துவது?

டெபாசிட் திரும்பக் கிடைத்தது, அவ்வளவுதான். கவுன்சிலர் மாலையோடு என் கடைக்கு வந்து, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் பின்தெரு முனையில் கிடந்த நீல பைப்புகளை வேறு வார்டில் அவசர வேலை என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். பள்ளத்தில் ஆடு விழுந்ததும் தெருக்காரர்களே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். மனு அடிக்க வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தேன்.

சித்திரையில் லாரித் தண்ணீரும் குறைந்தது. ஒரு மத்தியானம் அத்தாச்சி கடைக்கு வந்து, பைப்பு கேட்டு ஒரு மனு அடித்து நானே முன்னால் நின்று கொடுக்க வேண்டும் என்றார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவது அதுதான் முதல் தடவை. கவுன்சிலரிடமே போய்க் கேட்க வேண்டியதுதானே என்றேன், குத்தலாகத்தான்.

"அவருகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சண்டை போடுறது? எங்க வீட்டுக்காரரத் தூக்கையில தோள் குடுத்த மனுசன்" என்றார். "ஒங்ககிட்டன்னா உரிமையாக் கேக்கலாம்."

அதோடு விடாமல், அடுத்த தடவையும் நான் நிற்க வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நின்றால் எனக்கு ஓட்டுப் போடுவீர்களா என்று நேராகவே கேட்டேன்.

அத்தாச்சி பொய் சொல்லவில்லை. "அவரு இருக்கிற வரைக்கும் ஓட்டு அவருக்குத்தாங்க. ஆனா நீங்க நின்னீங்க, பள்ளம் வெட்டுனாரு. இன்னொரு தடவ நின்னீங்கன்னா பைப்ப எறக்கிப் பொதைச்சுருவாரு. எங்களுக்காக நில்லுங்க."

எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்தது. இந்தத் தெரு என்னைத் தோற்கடித்தது மட்டுமில்லை, நான் மறுபடியும் தோற்பதற்கு ஒரு வேலையும் ஒதுக்கி வைத்திருக்கிறது. எழுந்து போங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவர் சொன்னதில் எந்த இடத்தைத் தப்பு என்று காட்டுவேன்? எத்தனை மனுவில் நடக்காதது, நான் நின்றபோதுதான் நடந்தது.

மனுவை அடித்துக் கொடுத்தேன். முன்னால் நின்று கொடுத்தும் வந்தேன். பரிசீலனையில் உள்ளது. அத்தாச்சி வாரம் ஒருமுறை கடைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். நகராட்சிக்கு அடுத்த தேர்தல் எப்போது வரும் என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.