விபூதி பூசிய ரெக்கார்டர்

மாமா அதை என் கையில் வைத்தபோது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. பழைய குரல்பதிவுக் கருவி. ரெக்கார்டர் என்றே சொல்வோம். பிடிக்க மெத்தென்று இருக்கட்டும் என்று ரப்பர் போன்ற பூச்சு பூசி விற்ற காலத்தைச் சேர்ந்தது. வருடங்கள் போனால் அந்தப் பூச்சு இளகிப் பிசினாகிவிடும். இதில் பிசினோடு சாம்பல் நிறத்தில் இன்னொன்றும் அப்பியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். விபூதி.

“கையில ஒட்டுதுன்னு இந்த மனுஷன்தான் தெனம் குளிச்சிட்டு வந்து பூசுவாரு. நெத்திக்குப் பாதி, இதுக்குப் பாதி,” என்றாள் அத்தை. மாமாவின் உதடுகள் அசைந்தன. “பவுடர் போட்டா பொம்பள வாசன வருதாம், அதான் விபூதியாம். பெரிய கண்டுபிடிப்பு!”

மாமா என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். செங்கம் ரோட்டில் ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் உதட்டை அசைப்பார், அத்தை சொல்வாள். அதில் பாதி அவர் சொன்னது, பாதி அவளே சேர்ப்பது. அவருக்கும் அது தெரியும். தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது.

ரெக்கார்டரில் அவருடைய பழைய குரல் இருந்தது. அவர்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊரின் சத்தங்களைப் பிடித்துக்கொண்டு திரிந்தவர். மலையைச் சுற்ற வந்த பௌர்ணமிக் கூட்டத்தில் மாமாவின் பஸ்ஸில் ஏறி, மாமா கூவுவதைப் பதிவு செய்தார். ஊர் திரும்பும்போது கருவியையே மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆபரேஷனுக்குப் பிறகு மாமா அதை ஒருமுறைகூடப் போட்டுக் கேட்கவில்லை. பீரோவில் வைத்திருந்தார், ஒட்டாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். போன லீவில் வந்த பேத்தி, “தாத்தா பொறந்ததுலருந்தே இப்படித்தானா?” என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் மாமாவும் அத்தையும் வேங்கிக்காலில் என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள்; மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. எதையும் வரிசை போட்டுக்கொண்டுதான் தொடங்குவேன். முதலில் மேல்பூச்சு, அடுத்தது பேட்டரி அறை, பிறகு பொத்தான்கள், கடைசியில் பதிவு இருக்கும் மெமரி சிப். ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்கப் பூச்சு கறுப்புக் களியாக உருண்டு வந்தது. பொத்தான்களின் மேலிருந்த எழுத்துகளும் அதோடு போயின. அடியில் கெட்டியான, பளபளப்பான பிளாஸ்டிக். அதுவரைக்கும் எனக்கு நம்பிக்கை இருந்தது.

பிறகு உள்ளே திறந்தேன். விபூதி ஈரத்தை இழுக்கும். பொத்தான் இடுக்குகள் வழியாக இறங்கி, மழைக்காலந்தோறும் குழைந்து, சர்க்யூட் போர்டின் மேல் சுண்ணாம்பு போல இறுகியிருந்தது. அதைச் சுரண்டியபோது அடியில் செம்புக் கோடுகள் பச்சையாக அரித்திருந்தன. சிப்பைக் கழற்றி வேறொரு போர்டில் வைத்துப் பார்த்தேன். அழிந்த பதிவுகளை மீட்டுத் தரும் ஒருவருக்குச் சென்னைக்கு அனுப்பினேன். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது.

“புதுசாட்டம் ஆயிடுச்சே! பாடுதா?” என்றாள், மாமாவோடு மறுபடி வந்த அத்தை.

“இல்ல அத்த. உள்ள எல்லாம் போயிடுச்சு.”

மாமாவின் உதடுகள் அசைந்தன. அத்தை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “விபூதியாலயானு கேக்கறாரு.”

“சே, இல்ல மாமா. பேட்டரி லீக் ஆயிருக்கு. இந்த மாடல்ல அது ஜாஸ்தி.”

மாமா என்னையே பார்த்தார். ஆபரேஷனுக்குப் போவதற்கு முன்பே பேட்டரிகளைக் கழற்றித் தனியாகத் தாளில் மடித்து வைத்தவர் அவர்தான். பேட்டரி அறை சுத்தமாக இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் மெல்லத் தலையாட்டி, பொய்யை வாங்கிக்கொண்டார். பிறகு ஏதோ சொன்னார்.

“அவர் கொரலு எப்படி இருந்துச்சுனு பேத்திக்கு நீ சொல்லுவியாம். தெனம் அந்த பஸ்ஸுலதானே ஸ்கூலுக்குப் போன.”

“சொல்றேன் மாமா,” என்றேன்.

ரெக்கார்டரை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. என் மேசையில் இருக்கிறது. இப்போது ஒட்டுவதில்லை, யார் கையில் எடுத்தாலும் வழுக்குகிறது. பேத்தி அடுத்த லீவுக்கு வருவாள். அவளுக்காக மாமா கூவியதையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். “உள்ள போ, உள்ள போ, பின்னாடி பஸ்ஸே காலியாக் கெடக்குது.” “ஆசிரமம் எறங்கறவங்க எழுந்து வாங்க, வுட்டா மலைய சுத்திக்கினுதான் வரணும்.” பை கனத்துத் தள்ளாடும் என்னைப் பார்த்து, “பை உன்னத் தூக்கினு வருதா பாப்பா?” சொற்கள் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அந்தக் குரல் கட்டையா, கீச்சா, கரகரப்பா என்றுதான் தெரியவில்லை. எதை நினைத்தாலும் அத்தையின் குரலில்தான் கேட்கிறது.