மேசைமேல் மூன்று பேர்

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துக் காற்றில் எங்கள் லய வீட்டுக் கூரைச் சட்டம் தொங்கிவிட்டது. கணவர் மேலேறி ஆணி அடிக்க, நான் உள்ளே மேசைமேல் நின்று சட்டத்தைத் தூக்கிப் பிடித்தேன். கைகள் சோர்ந்து இறங்கத் தொடங்கின.

"யாராச்சும் வாங்களேன்!"

சர்ச்சிலிருந்து திரும்பிய அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அக்காவும் அவர் கணவரும் ஓடிவந்து மேசையிலேறி, ஆளுக்கொன்றாக என் கைகளைத் தாங்கினார்கள்.

"யூதருங்களோட பழைய வேதத்துலேருந்து இன்னைக்கு இதத்தான் வாசிச்சாங்க," என்றார் அக்கா. "சண்டை முடியுறவரைக்கும் மோசே கையத் தூக்கியே நிக்கணும், அப்பத்தான் அவரு சனங்க ஜெயிப்பாங்க. கை சோந்ததும் ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் தாங்கிக்கிட்டாங்க."

"அவரும் மேசை மேலயா நின்னாரு?" என்றார் என் கணவர் மேலிருந்து.

"இல்லீங்க, மலை மேல!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மூவரும் குலுங்கினோம், மேசை ஆடியது.

"ஆடாதீங்க!" என்று மேலிருந்து கத்தினார் கணவர்.

எப்படியோ கடைசி ஆணியும் இறங்கியது. கீழே வந்த பிறகும் அக்கா என் கையை விடவில்லை. சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.